துண்டு வெட்டிய பின்னர்

வைத்தியசாலையிலே 'துண்டு வெட்டிவிட்டார்கள்' என்ற செய்தி வந்ததும் வீட்டாருக்கு உண்டாகும் மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. பிணி முற்றும் நீங்கியது என்றே நாம் எண்ணிவிடுகின்றோம். வைத்தியர் கருதுவது அதுவன்று. 'எஞ்சிய பணியை இனி வீடு செய்யட்டும்' என்பதே அத்துண்டின் பொருள். அந்த எஞ்சிய பணி எத்தகையது என்பதைச் சிறிது நோக்குவோம்.

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே, நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து புல்மோட்டை செல்லும் வழியில் உள்ளது திரியாய். கிரிகண்டு சைத்தியத்தின் இடிபாடுகளாலும், அங்குள்ள வடமொழிக் கற்சாசனத்தாலும் சரித்திர மாணவர் நன்கறிந்த ஊர் அது. உழவையே நம்பி வாழ்ந்த அவ்வூர் மக்கள் 1985ஆம் ஆண்டில் வீடுகள் எரியுண்டு இடம்பெயர்ந்தனர். பின்னர் மீண்டவர் பலர், மீளாதவரும் பலர். நோயாளியின் கட்டிலைச் சூழ்ந்திருந்த மகன், மருமகள், சின்னம்மா, பேரர் என்னும் சுற்றம் பல ஊர்களிலும் பல நாடுகளிலும் சிதறிப்போயிற்று.

இத்தகைய ஊரில், பாரிசவாதத்தினால் ஒரு பக்கம் சோர்ந்த முதியவர் ஒருவர் வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியசாலையிலே தாதியர் பலர் முறைவைத்துப் பார்த்தனர். வீட்டிலோ அவருடைய முதிய மனைவியார் ஒருவரே தாதி. பகலும் அவரே, இரவும் அவரே. என்ன செய்ய வேண்டும் என்பதை எவரேனும் அவருக்குத் தெளிவாக எடுத்துரைத்தனரா என்பதே நம் கேள்வி.

அவர் அறிய வேண்டியவை அரியனவல்ல. தானாகத் திரும்ப இயலாத நோயாளியை இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்தல் வேண்டும். இடுப்பின் பின்புறத்தையும் குதிகாலையும் நாள்தோறும் பார்த்தல் வேண்டும். விரலால் அழுத்தியும் மறையாத சிவப்பு, படுக்கைப் புண்ணின் முன்னறிவிப்பாகும். உணவு கொடுக்கும்போது நோயாளியை நிமிர்த்தி இருத்தல் அவசியம். விழுங்குகையில் இருமினால், உணவு மூச்சுக்குழாயிற் செல்கிறதோ என்று ஐயுற்று வைத்தியருக்கு அறிவித்தல் நன்று. சத்திரசிகிச்சைப் புண்ணில் வீக்கமோ, சீழோ, உடன் காய்ச்சலோ கண்டால் பச்சிலை வைத்துக் கட்டாது உடனே வைத்தியசாலையை நாடுக. திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சுநோவோ உண்டானால் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் வண்டி இலவசமாக வரும். இவை யாவற்றுக்கும் முன்னே, தொடுபவர் கை சவர்க்காரத்தினால் கழுவப்பட்டிருத்தல் வேண்டும்.

நோய் தணிந்தது என்று மருந்தை நிறுத்துவது நம்மவரிடையே உள்ள பெருந்தவறு. இரத்த அழுத்தம் ஓசையின்றி ஏறும். மீண்டும் பாரிசவாதம் வந்த பின்னரே தவறு புலனாகும். கிளினிக் நாள் தவறுதலும் அத்தகையதே. ஆனால் பட்டினம் சென்று மீள ஒரு நாட்கூலியும் பேருந்துச் செலவும் போகும் என்பதை நாம் மறத்தலாகாது. வராதவரைக் கடிவதினும், வரமுடியாத காரணத்தை அறிவது மேல்.

வீடுதேடிச் செல்லும் மருத்துவப் பணி புதியதன்று. இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் வில்லியம் ரத்போன் என்னும் வணிகர், நோயுற்ற தம் மனைவியைப் பராமரித்த தாதியையே 1859இல் ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். நம் நாட்டிலே 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கியது. அவ்வழி வளர்ந்த மருத்துவமாதர் சேவை இன்றும் பிள்ளை பெற்ற தாயை வீட்டிலே சென்று பார்க்கின்றது. கேரளத்தின் கோழிக்கோட்டிலே 1993இல் தொடங்கிய தணிப்புப் பராமரிப்பு இயக்கம், தாதியரோடு ஊர்த் தொண்டர்களையும் நோயாளியின் வாயிலுக்கு அழைத்து வந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கிட்டிய இவ்வொழுங்கு, கட்டிலிற் கிடக்கும் முதியவர்க்கும் கிட்டுதல் நியாயமன்றோ? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கை மக்களில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயது கடந்தவர்கள். தேவை பெருகுமேயன்றிக் குறையாது.

அரசாங்கம் செய்ய வேண்டியது ஒருபுறம் இருக்க, அயலவர் செய்யக்கூடியது சிறிதன்று. வாரத்தில் இரு மாலைப்பொழுது அயல்வீட்டார் ஒருவர் கட்டிலருகே இருந்தால், அந்த மூதாட்டி கண்ணயரலாம். மருந்துப் பையின் மேலெழுத்து பல வேளைகளில் அவர் அறியாத மொழியில் இருக்கும். அதைப் படித்து, காலை, பகல், இரவு எனப் பிரித்துப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க உயர்வகுப்பு மாணவர் ஒருவர் போதும். கிளினிக் நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பதும் அவருக்கு எளிதே.

நோயாளியை எல்லோரும் சுகம் விசாரிக்கின்றோம். அருகே விழித்திருப்பவரை எவரும் விசாரிப்பதில்லை. அடுத்த முறை அவ்வீட்டுப் படலையைத் திறக்கும்போது, "அக்கா, நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று முதலில் அவரைக் கேட்போமாக.