மனை வரைபடத்தில் பச்சை நிறம்: அந்தப் பூங்கா யாருக்குச் சொந்தம்?

பல்லடம் - தாராபுரம் சாலையில், குண்டடத்தைச் சுற்றி மனை வாங்க வரும் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது தண்ணீர், சாலை, பள்ளிக்கூடம், பள்ளிவாசல் ஆகியவற்றைத்தான். மனை வரைபடத்தின் ஓரத்தில் பச்சை நிறத்தில் 'பூங்கா' என்று ஒரு துண்டு நிலம் காட்டப்பட்டிருக்கும். அது யார் பெயரில் இருக்கிறது, அதற்கு யார் செலவு செய்வார்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சில வருடங்களில் அங்கே கருவேல முள்ளும் குப்பையும் சேரும். அதன் பிறகு ஒரு நாள் வேலி வரும். பிள்ளைகள் விளையாடத் தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

ஒரு பூங்கா நிலைத்திருக்க இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, அந்த நிலத்தைப் பூங்காவாக உறுதி செய்யும் ஆவணம். மற்றொன்று, ஆண்டுதோறும் அதற்கு வரும் பணம். இதில் ஒன்று குறைந்தாலும் பூங்கா மிஞ்சாது.

முதலில் ஆவணத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். அந்த இடத்தைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. ஒப்படைத்த பிறகு, மனை விற்றவருக்கு அந்த நிலத்தில் உரிமை இல்லை. வக்ஃபு சொத்தைப் பற்றி அறிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. பொதுநன்மைக்கென்று கொடுத்த நிலத்தைக் கொடுத்தவரே திரும்ப விற்க முடியாது.

உள்ளாட்சி அமைப்பும் அதை விருப்பம்போல் மாற்றிவிட முடியாது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அப்பகுதிவாசிகள் வழக்குத் தொடர்ந்தார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மருத்துவமனையும் நல்ல காரியம்தான். ஆனால் அதற்காகப் பூங்காவைப் பறிக்கக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அடுத்தது பணம். 2015-ல் மத்திய அரசு தொடங்கிய 'அம்ருத்' திட்டத்தில், நிதியின் ஒரு சிறு பகுதியைப் பூங்காக்களுக்குச் செலவிட வழி செய்யப்பட்டது. ஆனால் அது திருப்பூர் போன்ற நகரங்களுக்கானது. கிராம ஊராட்சிகள் வீட்டு வரியையும் அரசு தரும் நிதிப் பங்கையும் நம்பியே இருக்கின்றன. தெருவிளக்கு, குடிநீர், துப்புரவு என்று செலவு போக, பூங்காவுக்கு எஞ்சுவது சொற்பம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இன்னொரு வழி. 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ உள்ள நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. பனியன் தொழில் நடக்கும் நம் மாவட்டத்தில் இதைக் கேட்டுப் பெற வாய்ப்பிருக்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊஞ்சல், நடைபாதை, திறப்பு விழா ஆகியவற்றுக்குப் பணம் எளிதில் கிடைத்துவிடும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவருக்கும் காவலாளிக்கும் மாதச் சம்பளம் கொடுக்கத்தான் ஆள் இருக்காது. பல பூங்காக்கள் பூட்டிக் கிடப்பதற்கு இதுவும் முக்கியமான காரணம்.

இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. திருப்பூர் - ஊத்துக்குளி பக்கம், சர்க்கார் பெரியபாளையத்தில் உள்ள நஞ்சராயன் குளம். நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேரும் இந்தப் பழைய பாசனக் குளத்தில் நகரத்தின் கழிவுநீரும் கலந்தது. ஆனாலும் பறவைகள் வந்துகொண்டிருந்தன. உள்ளூர் இயற்கை ஆர்வலர்கள் அவற்றைப் பல ஆண்டுகள் எண்ணிப் பதிவு செய்தார்கள். 191 வகைப் பறவைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

2021-ல் தமிழக அரசு இந்தக் குளத்தைப் பறவைகள் சரணாலயமாக்க 7.5 கோடி ரூபாய் அறிவித்தது. 2022-ல் சுமார் 126 ஹெக்டேர் பரப்புள்ள குளம் மாநிலத்தின் 17-வது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. சரணாலயம் என்றால் பெயர்ப் பலகை மட்டுமல்ல. வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி அங்கே வாழிடத்தை அழிக்கவோ நீரோட்டத்தைத் திருப்பவோ முடியாது. அதே சமயம், மேலே நகரத்திலிருந்து வரும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவை எந்த அறிவிப்பும் தானாகக் கொடுத்துவிடாது. அதற்கு ஆண்டுதோறும் நிதி வேண்டும்.

எனவே நாம் செய்ய வேண்டியது என்ன? மனை வாங்குமுன், பூங்கா நிலத்தின் தானப்பத்திரம் உள்ளாட்சி பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் பாருங்கள். நகர் ஊரமைப்புத் துறை அங்கீகரித்த வரைபடத்தின் நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள், ஊராட்சியிடம் உள்ள திறந்தவெளி நிலங்களின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. பூங்கா நிலத்தை அளந்து கல் நட வேண்டும், பராமரிப்புக்கு ஆண்டு நிதி ஒதுக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் கேளுங்கள். பெண்களும் கட்டாயம் போக வேண்டும். மாலையில் பிள்ளைகளை எங்கே விளையாட விடுவது என்ற கவலை அதிகம் அவர்களுக்குத்தான்.

வேலி போட்ட பிறகு நீதிமன்றம் போனால் தீர்ப்பு வரும்போது பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். அடுத்த கிராம சபையிலேயே கேட்டுவிட்டால், அவர்கள் விளையாடும் வயதிலேயே அந்த இடம் அவர்களுக்குக் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.