ஏலியன்: எடுக்கப்படாத ஒரு படத்தின் வரைவை வாசிப்பது

இன்று நான் பேசப்போவது சத்யஜித் ராய் 1967இல் எழுதிய ‘தி ஏலியன்’ என்ற திரைக்கதையைப் பற்றி. கொலம்பியா பிக்சர்ஸ் தயாரிப்பதாக இருந்த படம் அது. இந்தியாவில் நடக்கும் கதையை, ஒரு வங்காள இயக்குநர், ஹாலிவுட் பணத்தில், வேற்றுக்கிரகவாசியை வைத்து எடுப்பதாக இருந்தார். ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ வருவதற்குப் பதினைந்து வருடம் முன்பு. படம் வரவில்லை. திரைக்கதை மட்டும், அது தொடர்பான கடிதங்கள், கட்டுரைகளோடு 2018இல் ‘ட்ராவெய்ல்ஸ் வித் தி ஏலியன்’ என்ற ஆங்கிலப் புத்தகமாக வந்தது. அதை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தபோதுதான், ஒரு வரைவை வரைவாகவே படிப்பது எப்படி என்று பேச வேண்டும் என்று தோன்றியது.

என் வேலையைச் சொன்னால் இது எளிதாகப் புரியும். இங்கே கடற்கரையை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் டிராயிங் பார்ப்பவன் நான். ஒரு டிராயிங் முதலில் ரிவிஷன் ஏ என்று வரும். பிறகு பி, சி. எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகு அது பூஜ்யம் ஆகும். அதற்குப் பின்தான் சைட்டில் வேலை தொடங்கும். ரிவிஷன் ஏ கைக்கு வந்தால் இரண்டு இடங்களைப் பார்ப்போம். ஒன்று, மாற்றிய பகுதியைச் சுற்றி மேகம்போலப் போட்டிருக்கும் கோடு. இன்னொன்று வலது கீழ் மூலையில் இருக்கும் கட்டம். யார் வரைந்தது, யார் சரிபார்த்தது, யார் ஒப்புதல் கொடுத்தது என்று அதில்தான் இருக்கும். ‘ஏலியன்’ ஒரு ரிவிஷன் ஏ. அது கடைசிவரை பூஜ்யம் ஆகவே இல்லை.

மேகக் கோடுகளை முதலில் பார்ப்போம். திரைக்கதைக்கு முன்னால் ஒரு சிறுகதை இருக்கிறது. ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் தொடங்கிய சிறுவர் பத்திரிகை ‘சந்தேஷ்’. நின்றுபோயிருந்த அதை ராய் 1961இல் மறுபடி கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு அதில் ‘பங்குபாபுர் பந்து’, அதாவது பங்கு பாபுவின் நண்பன், என்ற கதையை எழுதினார். பங்கு பாபு ஒரு கிராமத்து வாத்தியார். ஊர்ப் பெரியவர்கள் கூடும் அரட்டையில் எல்லாரும் சேர்ந்து கிண்டல் செய்யும் ஆள். ஒருநாள் இரவு மூங்கில் தோப்பில் வேற்றுக்கிரகவாசி ஒன்றைச் சந்திக்கிறார். அது அவரைக் கேலி செய்யவில்லை. இருந்த இடத்திலேயே வடதுருவத்தைக் காட்டுகிறது. மறுநாள் அவர் அரட்டைக்குப் போய் அத்தனை பேருக்கும் பதில் சொல்லிவிட்டு வெளியே வருகிறார். குழந்தைகளுக்கான கதை, அதற்கு அது போதும்.

ஐந்து வருடம் கழித்து எழுதிய திரைக்கதையில் பங்கு பாபு இல்லை. வாத்தியார் இருந்த இடத்தில் ஹாபா என்ற சிறுவன் இருக்கிறான். பிச்சை எடுத்தும் பழம் திருடியும் பிழைப்பவன். மூங்கில் தோப்பு இருந்த இடத்தில் ஒரு தாமரைக் குளம். ஊரின் பெயர் மங்கல்பூர். விண்கலம் இரவில் குளத்தில் விழுகிறது. காலையில் தண்ணீருக்கு மேலே அதன் உச்சி மட்டும் பொன்னிறத்தில் தெரிகிறது. ஊர் என்ன நினைக்கும்? புதைந்துபோன கோயிலின் கோபுரம் மேலே வந்துவிட்டது என்று நினைக்கிறது. பூஜை ஆரம்பமாகிவிடுகிறது.

எனக்கு இந்தத் திரைக்கதையிலேயே மிகப் பெரிய விஷயம் இதுதான். அமெரிக்கப் படங்களில் விண்கலம் வந்தால் ராணுவம் வரும், விஞ்ஞானிகள் வருவார்கள். மங்கல்பூருக்கு பஜோரியா என்ற மார்வாரி வியாபாரி வருகிறார். குளத்தை இறைத்துவிட்டு, சுற்றிலும் சலவைக்கல் பதித்து, தன் பெயரில் ஒரு புண்ணியத் தலம் ஆக்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார். தண்ணீரை இறைக்க யாரைப் பிடிக்கிறார்? வறட்சிப் பகுதியில் ஆழ்துளைக் கிணறு போட வந்திருக்கும் டெவ்லின் என்ற அமெரிக்கனை. கூடவே கல்கத்தாவிலிருந்து வந்த மோகன் என்ற பத்திரிகையாளன், எதையும் நம்பாதவன். ஒரே பொருளை ஒருவன் கோயிலாகவும், ஒருவன் முதலீடாகவும், ஒருவன் பம்பு வேலையாகவும், ஒருவன் செய்தியாகவும் பார்க்கிறான். வளைகுடாவில் வேலை பார்க்கும் நமக்கு இந்த நான்கு பேரையும் நன்றாகத் தெரியும். ஒரே சைட்டில் தினமும் பார்க்கிறோம்.

வேற்றுக்கிரகவாசி என்ன செய்கிறது? விளையாடுகிறது. வயலில் நெல்லை ஒரே இரவில் விளையவைக்கிறது. பருவம் தவறி மாமரத்தைக் காய்க்கவைக்கிறது. சிதையில் கிடக்கும் கிழவரைக் கண் திறக்கவைக்கிறது. அது இவற்றை உதவியாக நினைத்துச் செய்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது. பெரிய தலை, மெலிந்த கைகால்கள், ஆணா பெண்ணா என்று தெரியாத உருவம். பஞ்சத்தில் அடிபட்ட அகதிக் குழந்தை மாதிரி இருக்கும் என்று ராய் எழுதுகிறார். கல்கத்தாவில் இருந்துகொண்டு அந்த வார்த்தையைச் சும்மா எழுதிவிட முடியாது. பஞ்சத்தையும் அகதிகளையும் பார்த்த நகரம் அது. வானத்திலிருந்து வந்த உயிரும் பட்டினி கிடக்கும் சிறுவனும் பார்வைக்கு ஒரே சாயலில் இருக்கிறார்கள் என்பதுதான் இந்த வரைவின் மையம் என்று நினைக்கிறேன்.

இப்போது வலது கீழ் மூலைக்கு வருவோம்.

ராய் பொதுவாகத் திரைக்கதையை நாம் நினைக்கும் வடிவத்தில் எழுதுவதில்லை. வங்காளத்துக் கடைக்காரர்கள் கணக்கு எழுதும், சிவப்புத் துணி போர்த்திய ‘கேரோர் காதா’ என்ற நோட்டில், வங்காளியில், படமும் வரைந்து, உடை, இசைக் குறிப்பு எல்லாம் சேர்த்து எழுதிவைப்பார். விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர் அல்லவா. அந்த நோட்டு அவர் படிப்பதற்கானது. வேறொருவர் அதைத் தூக்கிக்கொண்டு போனாலும் படம் எடுக்க முடியாது. ஆனால் ஹாலிவுட்டுக்கு நோட்டைக் காட்ட முடியாது. ஆங்கிலத்தில், எந்த அதிகாரியும் மேஜையில் வைத்துப் படித்துப் புரிந்துகொள்ளும்படி, முழுதாக எழுத வேண்டியிருந்தது. எல்லாருக்கும் புரியும்படி எழுதிய அந்த ஒரே காரணத்தால்தான் இன்று நானும் படிக்கிறேன். அதே காரணத்தால்தான் அது சைக்ளோஸ்டைல் பிரதிகளாக அமெரிக்காவில் கைமாறிக்கொண்டும் இருந்தது.

நடந்தது சுருக்கமாக இது. 1966இல் லண்டனில் ராய் ஆர்தர் சி. கிளார்க்கைச் சந்தித்துக் கதையைச் சொல்கிறார். கிளார்க் அப்போது குப்ரிக்கோடு ‘2001’ படத்தில் இருந்தார். கிளார்க் வாழ்ந்த இலங்கையில் அவருடைய கூட்டாளி மைக் வில்சன். முதல் சிங்கள வண்ணப்படமான ‘ரன்முத்து தூவ’வை 1962இல் இயக்கியவர். வில்சன் கல்கத்தாவுக்கு வந்து, எழுதுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நிற்கிறார். திரைக்கதை சில வாரங்களிலேயே முடிகிறது. பஜோரியாவாக நடிக்க பீட்டர் செல்லர்ஸ் ஒப்புக்கொள்கிறார். 1967இல் ராய் அமெரிக்கா போய் இறங்கிப் பார்த்தால், பிரதியின் முகப்பில் காப்புரிமை மைக் வில்சன், சத்யஜித் ராய் என்று இரண்டு பெயர்கள். ராய் எழுதியதாகச் சொல்லும் பக்கங்களுக்கு வில்சன் பங்குதாரர் ஆகிவிட்டார்.

பிறகு எல்லாம் சரிவுதான். பாத்திரம் முழுமையாக இல்லை என்று செல்லர்ஸ் விலகினார். வில்சன் ஒதுங்கினால் எடுக்கத் தயார் என்றது கொலம்பியா. வில்சனோ தலையை மழித்துக்கொண்டு தியானத்துக்குப் போய்விட்டதாக கிளார்க்கிடமிருந்து கடிதம் வந்தது. கடைசியில் வில்சனே எழுதினார். ராயை ராவணன் என்று விளித்து, சீதையை நீயே வைத்துக்கொள் என்று உரிமையை விட்டுக்கொடுத்தார்! பிற்காலத்தில் அவர் சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் கதிர்காமத்து முருகனின் அடியவர் ஆனார். இதைக் கதையாக எழுதினால் நம்பமாட்டார்கள்.

1982இல் ‘ஈ.டி.’ வந்ததும் ஒற்றுமையைக் கவனித்து ராயிடம் சொன்னவர் கிளார்க். தன் பிரதிகள் அமெரிக்காவில் சுற்றாமல் இருந்திருந்தால் அந்தப் படம் சாத்தியமில்லை என்று ராய் சொன்னார். ஸ்பீல்பெர்க் மறுத்தார். ராய் வழக்குப் போடவில்லை.

போட்டிருந்தாலும் கடினம்தான். கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்பது இந்தத் துறையின் அடிப்படை. நம் உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. தன் நாடகத்தைத்தான் ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று நாடகாசிரியர் வழக்குப் போட்டார், தோற்றார். கரு ஒன்றாக இருந்தாலும் நடத்திச் சென்ற விதம் வேறு என்றது தீர்ப்பு. குழந்தையோடு நட்பாகும் சாதுவான வேற்றுக்கிரகவாசி என்பது கரு. தாமரைக் குளமும் கோபுரமும் பஜோரியாவும்தான் சொன்ன விதம். அவை ‘ஈ.டி.’யில் இல்லை. அங்கே இருக்கும் சிறுவனின் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி நிறையச் சாப்பாடு இருக்கிறது. ராய்க்கு அநியாயம் நடந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அவர் இழந்ததில் பெரும்பகுதியை ஸ்பீல்பெர்க் எடுத்துக்கொள்ளவில்லை. யாருமே எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழில் ஒரு உதாரணம் சொல்லிவிட்டுப் போகிறேன். ஷங்கரும் சுஜாதாவும் சேர்ந்து யோசித்த ‘ரோபோ’ முதலில் கமல்ஹாசன் நடிப்பதாக அறிவிக்கப்பட்டு நின்றது. ‘எந்திரன்’ என்று ரஜினிகாந்தை வைத்து 2010 அக்டோபரில் வந்தபோது சுஜாதா இறந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. ஒரு அறிவியல் புனைகதைப் படத்தின் வரைவு அவ்வளவு காலம் காத்திருக்க நேர்கிறது. அதற்குள் எழுதியவர் இருப்பதில்லை, நடிப்பவர் மாறிவிடுகிறார், தொழில்நுட்பமும் மாறிவிடுகிறது. மைக் வில்சனுக்கு சைக்ளோஸ்டைல் இயந்திரம் தேவைப்பட்டது. இன்று குறும்படம் எடுக்கும் தம்பிகள் திரைக்கதையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிட்டு அனுப்புங்கள், முகப்பில் யார் பெயர் என்பதை நீங்களே போடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

இந்தப் புத்தகத்தை வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் பங்கு பாபு கதையைப் படியுங்கள், அரை மணி நேரம்கூட ஆகாது. பிறகு திரைக்கதை. இந்தப் படம் நின்றுபோன வரலாற்றை ராய் 1980இல் எழுதிய கட்டுரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் படித்துவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் எது திருடு போனது என்றே தேடிக்கொண்டிருப்பீர்கள். ஹாபா கண்ணில் படமாட்டான்.