தழும்பு சின்னது, மூட்டு ஒன்றுதான்

உங்களுக்குத் தெரியுமா? காரியாபட்டிக் கரிசலில் குந்தியே களையெடுத்துத் தேய்ந்துபோன மூட்டை மாற்ற, வழக்கமான முறையில் முழங்காலின் முன்பக்கம் 20 முதல் 25 செ.மீ. வரை கீறுவார்கள், சிறுகீறல் முறையில் 10 முதல் 15 செ.மீ.தான். தொடைத் தசை அதிகம் வெட்டுப்படாததால் முதல் சில வாரங்கள் வலி குறையலாம். ஆனால் உள்ளே பொருத்தும் உலோகமும் பிளாஸ்டிக்கும் ஒன்றேதான். ஓராண்டு கழித்து நடையில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. கீறல் சிறிதானால் எலும்பு முழுதாகத் தெரியாமல் மூட்டு கோணலாக அமையும் அபாயமும் உண்டு. உடல் கனத்தவர்களுக்கும் கால் மிகவும் வளைந்தவர்களுக்கும் பழைய முறையே நல்லது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை உச்சவரம்பு வைத்தது: கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு அன்று 54,720 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆஸ்பத்திரி பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். எந்த முறையானாலும், பிறகு குந்திக் களையெடுக்கக் கூடாது.