பெரிய அணியில் பெஞ்ச்சா, சின்ன அணியில் 11 பேரில் ஒருவரா? வீரர்கள் ஏன் அணி மாறுகிறார்கள்?

விடுமுறை நாள் காலையில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் முதுகில் கிட் பேக்கோடு பஸ் ஏறும் மாணவர்களைப் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி வந்து இறங்குபவர்களும் உண்டு. இவர்களிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி, ‘எந்த டீம்ல இருக்க?’ என்பதுதான். தேர்வாளர்கள் கேட்பது வேறு: ‘இந்த சீசன்ல எத்தனை மேட்ச் ஆடின?’

முதல் கேள்விக்குப் பெருமையான பதிலும், இரண்டாவது கேள்விக்கு மௌனமும் வைத்திருக்கும் வீரர்கள் நிறைய பேர். பெரிய அணியின் பட்டியலில் பெயர் இருக்கும். ஆனால், களத்தில் இறங்கும் 11 பேரில் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் இடம் கிடைக்கும் வேறு அணியைத் தேடிப் போவது இந்தியக் கிரிக்கெட்டில் இப்போது சாதாரணமாகிவிட்டது. இந்த மாற்றம் எப்படி நடக்கிறது? யாருக்கு லாபம், யாருக்கு இழப்பு?

பெஞ்ச்சில் உட்கார்ந்தால் என்ன நஷ்டம்?

முதலில் பணக் கணக்கு. 2021 செப்டம்பரில் பிசிசிஐ அறிவித்த ஊதியப்படி, 20 ஆட்டங்கள் வரை ஆடிய ரஞ்சி வீரருக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய். 21 முதல் 40 ஆட்டங்கள் என்றால் 50,000. அதற்கு மேல் 60,000. அணியில் இருந்தும் களமிறங்காத மாற்று வீரருக்கு இதில் பாதிதான்.

நான்கு நாள் ஆட்டத்தில் விளையாடும் புதியவருக்கு 1.6 லட்சம், வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு 80,000. லீக் சுற்றின் 7 ஆட்டங்களையும் சேர்த்தால் 11.2 லட்சத்துக்கும் 5.6 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம். அணிப் பட்டியலிலேயே பெயர் இல்லை என்றால் ஒன்றும் கிடையாது.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வயது. 19 வயதுக்குட்பட்டோருக்கான கூச் பெஹார் கோப்பை, 23 வயதுக்குட்பட்டோருக்கான சி.கே.நாயுடு கோப்பை என ஒவ்வொரு கதவும் ஒரு வயதில் மூடிவிடும். வலைப்பயிற்சியில் எத்தனை ஆயிரம் பந்துகளை அடித்தாலும் அது ஸ்கோர்கார்டில் ஏறாது. ஒரு சீசன் போனால் போனதுதான்.

அணி மாறுவது எப்படி?

நினைத்த மாத்திரத்தில் மாற முடியாது. சொந்த மாநிலச் சங்கத்திடம் ‘என்ஓசி’ எனப்படும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பிறகு புதிய மாநிலச் சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து தொழில்முறை வீரராக (பேச்சு வழக்கில் ‘கெஸ்ட் பிளேயர்’) ஓர் அணி 3 பேரை எடுக்கலாம். மற்றவர்கள் பிறப்பு, படிப்பு, வேலை போன்ற காரணங்களால் அந்த மாநிலத்தோடு தொடர்பு உள்ளவர்களாக இருக்க வேண்டும்.

என்ஓசி வாங்கியவர்கள் எல்லோருமே போய்விடுவதில்லை. 2025 ஏப்ரலில் மும்பையிலிருந்து கோவாவுக்கு மாற அனுமதி கேட்ட யஷஸ்வி ஜெய்ஸ்வால், அடுத்த மாதமே முடிவை மாற்றிக்கொண்டு மும்பையிலேயே இருக்க விரும்புவதாகத் தெரிவித்தார். அர்ஜுன் டெண்டுல்கர் 2022-இல் மும்பையிலிருந்து கோவாவுக்கு மாறினார். அந்த ஆண்டு டிசம்பரில் ஆடிய முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே சதம் அடித்தார்.

மாறியவர்களுக்கு என்ன ஆனது?

அதிகம் பேசப்படும் உதாரணம் கருண் நாயர். 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 ரன் அடித்தவர். 2017 மார்ச்சுக்குப் பிறகு இந்தியாவுக்காக டெஸ்டில் களமிறங்கும் வாய்ப்பு நீண்ட காலம் கிடைக்கவில்லை. 2022-இல் சொந்த அணியான கர்நாடகத்திலும் இடம் போனது. 2023-இல் விதர்பாவுக்கு மாறினார்.

2024-25 விஜய் ஹசாரே தொடரில் 8 இன்னிங்ஸில் 5 சதங்களோடு 779 ரன். அதே சீசன் ரஞ்சியில் 863 ரன். கேரளத்துக்கு எதிரான இறுதிப் போட்டியில் 86, 135. கோப்பை விதர்பாவுக்கு. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2025 ஜூனில் இங்கிலாந்தில் மீண்டும் இந்திய டெஸ்ட் தொப்பி அணிந்தார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதர்பா சின்ன அணி இல்லை. அதற்கு முன்பே 2 முறை ரஞ்சி வென்ற அணி. கருண் நாயருக்குக் கிடைத்தது, அவருக்கான இடம் காலியாக இருந்த அணி.

தமிழ்நாட்டிலிருந்து ஓர் உதாரணம் பாபா அபராஜித். 2012-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் காலிறுதி, அரையிறுதி இரண்டிலும் ஆட்ட நாயகன். தமிழ்நாட்டுக்காகப் பல ஆண்டுகள் ஆடிவிட்டு 2024-25 சீசனில் கேரளத்துக்குப் போனார். இரட்டையரில் மற்றவரான பாபா இந்திரஜித் தமிழ்நாட்டிலேயே தொடர்ந்தார். கேரளம் அந்த சீசனில்தான் முதன்முறையாக ரஞ்சி இறுதிப் போட்டிக்குச் சென்றது. ஆனால், இறுதியில் களமிறங்கிய 11 பேரில் அபராஜித் இல்லை. அணி மாறினாலும் இடத்துக்கு கேரண்டி கிடையாது என்பதற்கு இது சாட்சி.

அதே கேரள அணியில் இருந்த ஜலஜ் சக்சேனாவின் கதை வேறு. 2016-இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவர், கேரளத்தின் முக்கிய ஆல்ரவுண்டராகவே ஆகிவிட்டார். 2024 நவம்பரில் ரஞ்சி வரலாற்றில் 6,000 ரன்னும் 400 விக்கெட்டும் எடுத்த முதல் வீரர் ஆனார். ஆனாலும், இந்திய அணியின் கதவு அவருக்குத் திறக்கவில்லை.

நான்காவது டிவிஷனிலிருந்து இந்திய அணி

மாநிலம் விட்டு மாநிலம் போனால்தான் மாற்றம் என்றில்லை. ஐடி கம்பெனியிலிருந்து கிரிக்கெட்டுக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு வருண் சக்கரவர்த்தியின் கதை நெருக்கமானது. ஆர்கிடெக்ட் வேலையை விட்டு வேகப்பந்து ஆல்ரவுண்டராக கிளப் கிரிக்கெட்டுக்கு வந்தார். முழங்காலில் அடிபட்டது. சுழலுக்கு மாறி, சென்னை லீக்கின் நான்காவது டிவிஷனில் ஜூபிலி கிரிக்கெட் கிளப்புக்கு ஆடினார். 2017-18 சீசனில் 7 ஆட்டங்களில் 31 விக்கெட்.

நான்காவது டிவிஷன் என்று முகம் சுளிக்காமல் ஆடியதால் கிடைத்தது, புதிய பந்துவீச்சை ஆட்டச் சூழலில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு. 2018-இல் டிஎன்பிஎல் கோப்பை வென்ற மதுரை அணியில் இருந்தார். அந்த ஆண்டு டிசம்பர் ஐபிஎல் ஏலத்தில் 8.4 கோடி ரூபாய். 2025 சாம்பியன்ஸ் டிராபியை வென்ற இந்திய அணியில் 9 விக்கெட்.

அமெரிக்காவில் எப்படி?

கல்லூரி மாணவர்கள் ஆடும் வாய்ப்புக்காக அணி மாறுவது மிகப் பெரிய அளவில் நடப்பது அமெரிக்கன் ஃபுட்பாலில். நம் ஊர்க் கால்பந்து அல்ல. கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். அங்கே 2018 அக்டோபரில் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வந்தது. அதில் பெயரைப் பதிவு செய்தால் மற்றக் கல்லூரிகள் மாணவரைத் தொடர்புகொள்ளலாம். முன்பு கல்லூரி மாறினால் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021-இல் முதல் மாற்றத்துக்கு இந்தக் காத்திருப்பு நீங்கியது. 2024 முதல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம்.

போர்ட்டல் வருவதற்கு முன்பே இந்த வழியில் போனவர் ஜோ ஃபிளாக்கோ. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இன்னொரு குவார்ட்டர்பேக் முன்னால் நின்றதால், அவருக்கு ஆட வாய்ப்பில்லை. ஒரு படி கீழான பிரிவில் இருந்த டெலாவேருக்கு மாறினார். 2005 சீசன் முழுக்க ஆட முடியாமல் காத்திருந்தார். பிறகு 2 சீசன் ஆடினார். 2008-இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் தேர்வில் முதல் சுற்றிலேயே பால்டிமோர் ரேவன்ஸ் அவரை எடுத்தது. 2013 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஆட்ட நாயகன்.

உள்ளூர்ப் பையனின் இடம் என்ன ஆகும்?

சின்ன அணிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தால், உள்ளே இருந்த ஒருவர் வெளியே உட்கார வேண்டும். 2018-19 சீசனில் புதுச்சேரி, பிகார், சிக்கிம், ஆறு வடகிழக்கு மாநிலங்களில் மற்றவை உள்ளிட்ட 9 புதிய அணிகள் ரஞ்சிக்குள் வந்தபோது இந்தச் சிக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது. புதுச்சேரி அணியில் வெளியில் பிறந்த 8 வீரர்களின் பதிவை, விஜய் ஹசாரே தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே பிசிசிஐ திரும்பப் பெற்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அனுபவசாலி ஒருவர் வந்தால் டிரெஸ்ஸிங் ரூமில் இருக்கும் இளைஞர்கள் கற்றுக்கொள்கிறார்கள். அணியும் ஜெயிக்கத் தொடங்குகிறது. எத்தனை பேர் வருகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 3 பேர் என்ற வரம்பு அதற்காகத்தான்.

வந்தவருக்கும் ஓர் ஆபத்து உண்டு: எதிரணி பலவீனமாக இருந்தால் எடுத்த ரன்னுக்கு மதிப்பு குறையும். டெல்லியிலிருந்து சிக்கிமுக்குப் போன மிலிந்த் குமார் 2018-19 ரஞ்சியில் 1,331 ரன் குவித்தார்; அந்த சீசனில் அதுதான் அதிகபட்சம். இந்திய அணி அழைப்பு வரவில்லை. பின்னர் அமெரிக்கா சென்று, 2024 டி20 உலகக் கோப்பையில் அந்நாட்டு அணியில் இடம்பெற்றார்.

கல்லூரி மாணவர்கள் என்ன செய்யலாம்?

நம் கல்லூரிகளில் போர்ட்டல் எல்லாம் கிடையாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் கல்லூரி மாறுவது என்றால் டிசி, பாடத்திட்டம், கட்டணம், ஹாஸ்டல் என்று படிப்பே ஆட்டம் கண்டுவிடும். அதனால், முடிவை சேர்வதற்கு முன்பே எடுப்பது நல்லது. பேர் பெற்ற அணியில் உங்கள் இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர், அவர்கள் எப்போது படிப்பை முடிக்கிறார்கள் என்று சீனியர்களிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கல்லூரியை மாற்ற முடியாவிட்டாலும் கிளப்பை மாற்றலாம். மாவட்ட லீக்கில் ஒரு டிவிஷன் கீழே இறங்கி, எல்லா ஆட்டங்களிலும் முதல் 4 பேரில் ஒருவராக இறங்குவது அவமானம் இல்லை. அங்கே போகும் முன் 3 விஷயங்களைத் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் பேட்டிங், எத்தனை ஓவர்? எதிரணிகள் உங்களைச் சோதிக்கும் தரத்தில் இருக்கின்றனவா? திரும்பி வர நினைத்தால் வழி இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கருண் நாயர் 2 சீசன் விதர்பாவுக்கு ஆடிவிட்டு, 2025-26-இல் கர்நாடகத்துக்கே திரும்பினார். 3 ஆண்டுகளுக்கு முன் இடம் தராத அணி, இந்த முறை அவரைச் சேர்த்துக்கொண்டது. காரணம், கையில் ரன் இருந்தது.