புற்றுநோயைக் கொண்டுவருவதும் அதுதான், அதைக் காட்டிக்கொடுப்பதும் அதுதான்! தெரியுமா?

பிராக்கா-1, பிராக்கா-2. ஆண், பெண் பேதமில்லாமல் நம் எல்லோருக்கும் இருக்கும் இரண்டு மரபணுக்கள். டி.என்.ஏ.வின் இரு இழைகளும் சேர்ந்து அறுந்துபோனால் பிசகில்லாமல் ஒட்டவைப்பது இவற்றின் வேலை. இவை பழுதானால் சினைப்பைப் புற்றுநோய் எட்டிப்பார்க்கக்கூடும். ஆனால், அந்தப் பழுதே நோயின் பலவீனமும் ஆகிவிடுகிறது!

● ஒற்றை மரபணு பரம்பரையாகப் புற்றுநோயைக் கொண்டுவருமா? ‘வாய்ப்பே இல்லை’ என்றார்கள் பலர். மரபியலாளர் மேரி கிளேர் கிங் விடவில்லை! 17-வது குரோமோசோமில் அது இருக்கும் இடத்தை 1990-ல் சுட்டிக்காட்டினார். 1994-ல் பிராக்கா-1 கையில் சிக்கியது. மறு ஆண்டே 13-வது குரோமோசோமிலிருந்து பிராக்கா-2!

● சினைப்பைப் புற்றுநோய் பொதுவாக 100 பெண்களில் ஓரிருவருக்குத்தான் வரும். பிராக்கா-1 பழுதோடு பிறந்தவர்களில்? 80 வயதுக்குள் 100-க்குச் சுமார் 44 பேர்! பிராக்கா-2 என்றால் சுமார் 17. இந்தப் பழுது அப்பா வழியிலும் வரும், தெரியுமா? மகளுக்கும் மகனுக்கும் சரிபாதி வாய்ப்பு!

● நோய் வந்தபின் நடப்பதுதான் வியப்பு. பழுதில்லாத நோயாளிகளைவிடப் பழுதுள்ளவர்களே முதல் ஐந்தாண்டுகளைக் கடப்பது அதிகம்! பிராக்கா-2 பழுது என்றால் இன்னும் மேல். காரணம், பிளாட்டினம் கலந்த மருந்துகள் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன, ஒட்டவைக்க ஆளில்லாத புற்றுசெல் மடிகிறது. ஆண்டுகள் போகப் போக இந்த முன்னிலை தேய்ந்துவிடும் என்பதும் உண்மை.

● அந்தப் பிளாட்டினம் மருந்து கிடைத்ததே தற்செயல்! 1960-களில் விஞ்ஞானி பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாக்கள் இருந்த கரைசலில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். செல்கள் பிரியாமல் நீண்டுகொண்டே போயின. மின்சாரமா காரணம்? இல்லை, மின்முனையிலிருந்து கசிந்த பிளாட்டினம்!

● இப்போது உச்சக்கட்டம்! குழாய்த் தண்ணீர் நின்றால் போர்வெல் இருக்கிறது என்று இருப்போம் அல்லவா? டி.என்.ஏ.வைச் சரிசெய்யச் செல்லுக்கும் அப்படி இரண்டு வழி: பிராக்கா ஒன்று, ‘பார்ப்’ என்ற நொதி இன்னொன்று. புற்றுசெல்லில் பிராக்கா ஏற்கெனவே போய்விட்டது. மாத்திரையால் பார்ப்பையும் அடைத்தால் அது சாகிறது! அதே பெண்ணின் மற்ற செல்களில் பிராக்காவின் நல்ல பிரதி ஒன்று மிச்சமிருப்பதால் அவை தாக்குப்பிடிக்கின்றன. 2005-ல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டுபிடித்து, ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டன. ஒரு குறை இருந்தால் பிழைக்கும் உயிர், இரண்டு குறை சேர்ந்தால் சாகும் என்பதைப் பழ ஈக்களில் 1922-லேயே பார்த்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா?

● அப்படி வந்த ஒலாபரிப் மருந்துக்கு அமெரிக்கா 2014-ல் அனுமதி கொடுத்தது. முற்றிய நோயும் பிராக்கா பழுதும் உள்ள 391 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. கீமோதெரபிக்குப் பிறகு இந்த மாத்திரையை எடுத்தவர்களில் 67 சதவீதம் பேர் ஏழாண்டு கழித்தும் உயிரோடிருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 47 சதவீதம்!

● புற்றுநோயும் லேசுப்பட்டதல்ல! சில கட்டிகள் இன்னொரு மாற்றத்தால் பழுதான பிராக்காவைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. அப்புறம் மருந்து பலிக்காது!

● ‘சினைப்பைப் புற்றுநோய்’ பல நேரம் தொடங்குவது சினைப்பையிலேயே அல்ல, தெரியுமா? பிராக்கா பழுதுள்ள பெண்களிடம் முன்னெச்சரிக்கையாக எடுத்த கருக்குழாய்களைச் சோதித்தபோது, அவற்றின் நுனியில் நோயின் முளை தென்பட்டது!

● பிராக்கா மரபணுக்களுக்கு ஒரு கம்பெனி காப்புரிமையே வைத்திருந்தது! இயற்கையில் கிடைக்கும் டி.என்.ஏ.வை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் சொல்லிவிட்டது.

பிறவியிலேயே வந்த பிராக்கா பழுதைத் தெரிந்துகொள்ளத் தேவை ஒரு ரத்தப் பரிசோதனைதான். சினைப்பைப் புற்றுநோயில் பெரும்பான்மையான ‘எபிதீலியல்’ வகை வந்தால், குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் பிராக்கா பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள் நிபுணர்கள். விடை நோயாளிக்கு மருந்தைச் சொல்லும். அக்கா, தங்கை, மகளுக்கு எச்சரிக்கையைச் சொல்லும்!