தாடைக் கட்டியும் மலேரியாக் காய்ச்சலும்

கொசுக்கடியால் மலேரியா வரும் என்பது நீங்கள் அறிந்ததே. புற்றுநோயை எந்தக் கொசுவும் பரப்புவதில்லை என்பதும் அறிவீர்கள். ஆனாலும், மலேரியா மிகுந்த பகுதிகளில்தான் ஒருவகைப் புற்றுநோய் சிறுவர்களை அதிகமாகத் தாக்குகிறது. இது எப்படி?

1957-ஆம் ஆண்டு. உகாண்டாவிலுள்ள கம்பாலா நகரின் முலாகோ மருத்துவமனையில் டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் பணிபுரிந்து வந்தார். தாடையில் பல இடங்களில் கட்டி வளர்ந்து, முகமே உருமாறிப்போன ஒரு சிறுவனை அவரிடம் காட்டினார்கள். சில வாரங்கள் கழித்து, வேறோர் ஊரில் அதே போன்ற கட்டியுடன் மற்றொரு குழந்தையையும் கண்டார். இது வெள்ளணுக்களில் தோன்றும் நிணநீர்ப் புற்று என்பது பின்னர் தெரிந்தது. இன்று அதற்குப் 'பர்கிட் லிம்போமா' என்று பெயர்.

1961-இல் பர்கிட் இரண்டு மருத்துவ நண்பர்களுடன் ஒரு பழைய மோட்டார் வண்டியில் புறப்பட்டார். பத்து வாரப் பயணம். சுமார் 16,000 கிலோமீட்டர்! மருத்துவமனைதோறும் விசாரித்து, கட்டி காணப்பட்ட ஊர்களை வரைபடத்தில் குறித்தார். வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில் நோய் இருந்தது. குளிர்ந்த மேட்டு நிலங்களிலும் வறண்ட பகுதிகளிலும் அது அரிதாக இருந்தது. கொசுக்கள் பெருகுவதற்கு ஏற்ற இடமும் அத்தாழ்நிலங்கள்தாம் அல்லவா?

1964-இல் எப்ஸ்டைன், அச்சோங், பார் என்ற மூவர் லண்டனில் இக்கட்டியின் செல்களை ஆராய்ந்து, அவற்றில் ஒரு புதிய வைரஸைக் கண்டார்கள். அதுவே எப்ஸ்டைன்-பார் வைரஸ். புதிர் அவிழ்ந்துவிட்டதா? இல்லை! இந்த வைரஸ் உமிழ்நீர் வழியாகப் பரவுவது. உலகில் வயது வந்தோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அது குடியிருக்கிறது. அவர்களுக்கெல்லாம் கட்டி வருவதில்லையே! ஆகவே, வைரஸுக்கு ஒரு கூட்டாளி இருக்க வேண்டும். பால்சிபாரம் வகை மலேரியாதான் அந்தக் கூட்டாளி.

அது செய்வது என்ன? நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்குபவை 'பி' செல்கள் என்னும் வெள்ளணுக்கள். எதிர்ப்பொருளைத் திருத்தி அமைப்பதற்காக, இவை ஓர் என்சைமின் உதவியால் தம் ஜீன்களையே வெட்டி ஒட்டுகின்றன. கத்தியோடு விளையாடும் வேலைதான்! குழந்தைப் பருவம் முதல் மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கினால், இந்த வேலைக்கு ஓய்வே இல்லை. என்றாவது ஒருநாள் வெட்டு தவறி விழுகிறது. 8-ஆவது குரோமோசோமின் துண்டு 14-ஆவது குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்கிறது. அத்துண்டில் உள்ள 'மிக்' என்ற ஜீன், செல்லைப் 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் ஏவுகிறது. இப்படிப் பழுதான செல் சாதாரணமாகத் தானே மடிந்துவிடும். ஆனால் வைரஸ் அதை மடியவிடாமல் காக்கிறது. வைரஸைக் கண்காணிக்கும் 'டி' செல்களையோ மலேரியா தளர்த்திவிடுகிறது. எளிதில் புற்று தோன்றும்படி மாற்றப்பட்ட சுண்டெலிகளில், நீடித்த மலேரியா இந்த என்சைமின் வழியே நிணநீர்ப் புற்றை உண்டாக்கியதை 2015-இல் விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

ஒருமுறை மலேரியா வந்தவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் மலேரியா ஓயாத பகுதிகளில் வளரும் குழந்தைகளுக்கே இந்த ஆபத்து. அங்கும் மிகச் சிலரையே இந்நோய் பற்றுகிறது. கட்டி மிக விரைவாக வளரும். ஆனால், காலத்தில் மருந்து கொடுத்தால் விரைவாகக் கரையவும் செய்யும்.

அந்த ஊர்களில் ஒரு குழந்தையின்மீது கட்டப்படும் கொசுவலை, காய்ச்சலை மட்டுமா தடுக்கிறது? எண்ணிப் பாருங்கள்!