கிஷோர்குமார் பாட்டுக்கு ரேடியோவில் தடை ஏன்? கோர்ட்டில் போராடி ஜெயித்த அமெரிக்க கலைஞர்

நெல்லை:
ரேடியோவில் ஒரு பாட்டு வரலைன்னா கேட்கிறவருக்கு அது வெறும் பாட்டு. பாடியவருக்கு அது பிழைப்பு. அரசியல் காரணத்துக்காக கலைஞர்களை ரேடியோவில் இருந்து ஓரங்கட்டியது எப்படி? இதோ 2 சம்பவங்கள்.

மறுத்ததால் வந்த வினை

1975 ஜூன் 25-ந்தேதி எமர்ஜென்சி வந்தது. பிரதமர் இந்திராகாந்தியின் 20 அம்ச திட்ட பிரசாரத்துக்கு சினிமா கலைஞர்களை மத்திய அரசு அழைத்தது. இந்தி பாடகர் கிஷோர்குமார் ஒத்துழைக்கவில்லை.

1976 மே மாதம் ஆகாசவாணி, தூர்தர்ஷன் இரண்டிலும் அவர் பாட்டுக்கு அதிரடி தடை விழுந்தது. அவரது இசைத்தட்டு விற்பனையையும் முடக்க முடிவானது.

அப்போது தனியார் எப்.எம். கிடையாது. நெல்லை வானொலி உள்பட உள்நாட்டு நிலையம் எல்லாமே அரசுடையது. நம்ம ஊரில் பீடி சுற்றும் வீடுகளிலும் டீக்கடைகளிலும் சிலோன் ரேடியோவை விட்டால் அரசு போட்டதுதான் பாட்டு. அந்த ஒரு கதவை அடைத்தால் கலைஞன் எங்கே போவான்?

1977 மார்ச்சில் எமர்ஜென்சி முடிந்தது. ஷா கமிஷன் இந்த தடையையும் விசாரித்தது. அப்போது தகவல் ஒலிபரப்பு மந்திரியாக இருந்த வி.சி.சுக்லா, தானே முழு பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டார்.

'கம்யூனிஸ்டு' முத்திரை

இதற்கு 20 வருஷம் முன்பு அமெரிக்காவில் நடந்தது வேறு மாதிரி. நியூயார்க் சி.பி.எஸ். ரேடியோவில் கதை சொல்லி சிரிக்க வைத்தவர் ஜான் ஹென்றி பாக். 'அவேர்' என்ற அமைப்பு கலைஞர்கள் மீது கம்யூனிஸ்டு முத்திரை குத்தி வந்தது. 1955-ல் கலைஞர் சங்க தேர்தலில் அதை எதிர்த்து பாக் அணி ஜெயித்தது. உடனே அவர் மீதும் முத்திரை விழுந்தது.

சூப்பர் மார்க்கெட் முதலாளி ஒருவர், விளம்பரம் தரும் கம்பெனிகளை நெருக்கினார். பாக் 1956-ல் வழக்கு போட்டார். 1957-ல் வேலை போனது. கடன் வாங்கி காலத்தை ஓட்டினார். ஆனாலும் வழக்கை விடவில்லை.

தயாரிப்பாளர் டேவிட் சஸ்கிண்ட் கோர்ட்டில் உண்மையை போட்டு உடைத்தார். நடிகர்களின் பெயர்களை முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டுமாம். வேண்டாம் என்றால் காரணமே சொல்ல மாட்டார்களாம்.

1962-ல் ஜூரிகள் 35 லட்சம் டாலர் நஷ்டஈடு வழங்க சொன்னார்கள். அப்பீலில் அது 5½ லட்சமாக குறைந்தது. கையில் கிடைத்தது அதைவிட ரொம்ப கம்மி.

ரகசியமே பலம்

கறுப்பு பட்டியலின் பலமே ரகசியம்தான். ஒரு போன் போதும், வேலை போய்விடும். பாதிக்கப்பட்டவர் கையில் ஒரு துண்டு காகிதம்கூட இருக்காது. இங்கே கமிஷனும் அங்கே கோர்ட்டும் கேள்வி கேட்ட பிறகுதான் உள்ளே நடந்தது வெளியே வந்தது.